டைட்டானிக்கை மூழ்கடித்தது பாப்பரசரா?



ஒரு கப்பலை மூழ்கடிக்க ஒரு பனிப்பாறை போதும். அக்கப்பலைப் பற்றிய வதந்திகளை மூழ்கடிக்கவோ அத்திலாந்திக் சமுத்திரம் முழுவதும் போதாது. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி இரவு 11.40 மணிக்குப் பனிப்பாறையில் மோதி, மறுநாள் அதிகாலை 2.20 மணிக்கு ஆழ்கடலில் அமிழ்ந்தது டைட்டானிக். நூறாண்டுகள் கடந்த பின்னரும் மனிதரின் நாவில் மட்டும் அது மிதந்துகொண்டே இருக்கிறது.

இக்கதைகளைக் கத்தோலிக்கராகிய நாம் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் அவற்றுள் சிலவற்றில் நம் வீட்டுப் பெயரும் அடிபடுகிறது.

முதலாவது கதை, கப்பல் கட்டப்பட்ட பெல்பாஸ்ட் நகரில் பிறந்தது. கப்பலுக்கு 390904 என்ற இலக்கம் வழங்கப்பட்டதாம். அதைக் கண்ணாடியிலோ நீரின் பிம்பத்திலோ பார்த்தால் 'நோ போப்', அதாவது 'பாப்பரசர் வேண்டாம்' என்ற ஆங்கிலச் சொற்கள் தெரியுமாம். தளத்தில் பெரும்பான்மையாக வேலை செய்த புரட்டஸ்தாந்து சகோதரர்களின் இந்த நிந்தனைக்காகவே இறைவன் கப்பலைத் தண்டித்தாராம். கதை அழகானதுதான். குறை ஒன்றே ஒன்று: அப்படியோர் இலக்கம் அக்கப்பலுக்கு இருந்ததே இல்லை. கட்டுமானத் தளத்தில் அதன் இலக்கம் 401. பிரித்தானியப் பதிவில் 131428. இவற்றை எந்தக் கண்ணாடியில் பிடித்தாலும் எந்தப் பாப்பரசரும் தென்படமாட்டார்.

இரண்டாவது கதை இதற்கு நேரெதிரானது. அமெரிக்காவில் பெடரல் ரிசேர்வ் எனும் மத்திய வங்கி அமைவதை எதிர்த்த அஸ்டர், குகன்ஹைம், ஸ்ட்ரோஸ் ஆகிய செல்வந்தர்களைக் கொல்வதற்காக இயேசு சபையினரே கப்பலை மூழ்கடித்தார்களாம்! கப்டன் எட்வேர்ட் ஸ்மித் அச்சபையின் இரகசிய ஊழியராம். அம்மூவரும் அவ்வங்கியை எதிர்த்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது ஒருபுறமிருக்க, ஒரே கப்பல் காலையில் பாப்பரசரின் பகைவனாகவும் மாலையில் அவரது ஏவலாளாகவும் இருப்பது எங்ஙனம் என்பதை இக்கதாசிரியர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வது நலம்.

இதற்குச் சாட்சியாக அவர்கள் இழுத்து வருபவர் பிரான்சிஸ் பிறவுண். அயர்லாந்தைச் சேர்ந்த இவர் அப்போது இறையியல் பயின்றுகொண்டிருந்த இயேசு சபை மாணவர். குருப்பட்டம் பெற்றதே 1915இல்தான். தம் தந்தையின் சகோதரரான ஆயர் அன்பளித்த சீட்டில் சௌதாம்ப்டனிலிருந்து குவீன்ஸ்டவுண் வரை பயணித்தார். வழியில் அறிமுகமான அமெரிக்கத் தம்பதியர், நியூயோர்க் வரையிலான செலவைத் தாம் ஏற்பதாகக் கூறினர். அவர் தந்தி மூலம் அனுமதி கேட்டார். கப்பலைவிட்டு இறங்கும்படி சபை அதிபரிடமிருந்து சுருக்கமான பதில் வந்தது. சதியாளர்களுக்கு இதுவே பெரிய ஆதாரம்! குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த எனக்கோ இதில் மர்மம் எதுவும் தெரியவில்லை. படிப்புக் காலத்தில் இலவச உல்லாசப் பயணத்துக்கு விடுமுறை கேட்கும் மாணவனுக்கு உலகின் எந்த அதிபரும் அனுப்பும் பதில் அதுதான்.

மூன்றாவது கதையின்படி, மூழ்கியது டைட்டானிக்கே அல்ல. 1911இல் 'ஹோக்' என்ற போர்க்கப்பலுடன் மோதிச் சேதமடைந்த ஒலிம்பிக் என்ற சகோதரக் கப்பலாம். காப்புறுதிப் பணத்துக்காகப் பெயரை மாற்றி மூழ்கடித்தார்களாம். கப்பலின் பெறுமதி ஏறத்தாழ 15 இலட்சம் பவுண். காப்புறுதியோ 10 இலட்சம். ஐந்து இலட்சம் நட்டத்துக்காக இத்தனை பாடுபடும் மோசடிக்காரர் எவராவது உண்டோ? 1985இல் கண்டுபிடிக்கப்பட்ட சிதைவின் உந்துவிசிறியில் 401 என்ற இலக்கம் காணப்பட்டது. ஒலிம்பிக்கோ 1935 வரை கடலில் உழைத்து ஓய்வு பெற்றது.

எகிப்திய மம்மியின் சாபம் என்றொரு கதையும் உண்டு. அந்தப் 'பிரயாணி' உண்மையில் ஒரு சவப்பெட்டியின் உட்பலகை. டைட்டானிக் மூழ்கிய இரவில் அது பிரித்தானிய நூதனசாலையில் அமைதியாகவே இருந்தது.

சிரித்தாயிற்று. இனி ஒரு கேள்வி. இத்தனை கதைகள் நமக்கு ஏன் தேவைப்படுகின்றன?

உண்மை சாதாரணமாக இருப்பதனால்தான். அன்று பனி பற்றிய எச்சரிக்கைகள் பல வந்தன, வேகம் குறைக்கப்படவில்லை. அண்மையில் பனியால் தடைப்பட்டு நின்ற கலிபோர்னியன் கப்பல் எச்சரிக்க முயன்றபோது, பயணிகளின் தந்திகளை அனுப்புவதில் மூழ்கியிருந்த டைட்டானிக்கின் தந்தியாளர் குறுக்கிடாதிருக்கும்படி கூறிவிட்டார். கலிபோர்னியனின் தந்தியாளர் உறங்கச் சென்றார். ஏறத்தாழ 2,200 பேர் இருந்த கப்பலில் 20 உயிர்காப்புப் படகுகள். அவற்றில் 1,178 பேருக்கே இடம். அதுவும் அன்றைய சட்டம் கேட்டதைவிட அதிகம்! 40 பேர் ஏறக்கூடிய ஒரு படகு 12 பேருடன் புறப்பட்டது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். இங்கே இரகசியச் சபை எதுவுமில்லை. அவசரமும் அசட்டையும் தன்னம்பிக்கையின் மிகையும் மட்டுமே உண்டு. இவை நம் வீட்டிலும் அலுவலகத்திலும் தினமும் நடமாடுபவை. குற்றத்தை ஒரு சதிகாரன் தலையில் சுமத்திவிட்டால், நாம் கண்ணாடியைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

'இறைவன் தண்டித்தார்' என்பது இன்னும் கொடியது. குவீன்ஸ்டவுணில் ஏறிய நூற்றுக்கும் மேற்பட்ட அயர்லாந்து மக்களுள் கத்தோலிக்கரே மிகுதி. பிழைப்புத் தேடிப் புறப்பட்ட ஏழைகள். பாப்பரசரை நிந்தித்த பாவத்துக்காக, செபமாலை ஏந்திய கைகளையா கடவுள் கடலில் அமிழ்த்தினார்? சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டதைப் பற்றிப் பேசிய ஆண்டவர், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று தெளிவாகவே மறுத்தார். மாண்டவர்களின் கணக்கைப் பாராமல், அவரவர் மனந்திரும்பும்படியே பணித்தார்.

அக்கப்பலில் மூன்று கத்தோலிக்க குருக்கள் இருந்தனர். மூவரும் மாண்டனர். அவர்களுள் 42 வயதான அருட்தந்தை தோமஸ் பைல்ஸ், தம் சகோதரரின் திருமணத்தை நிறைவேற்ற நியூயோர்க் சென்றுகொண்டிருந்தவர். படகில் ஏற மறுத்து, அஞ்சி நின்றவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு, அவர்களோடு செபமாலை சொல்லியவாறே அவர் கடலோடு கலந்தார். மம்மியின் சாபத்தை அறிந்த எத்தனையோ பேருக்கு இவரது பெயர் தெரியாது. வதந்தி செய்யும் பெரும் அநீதி இதுவே: பொய்யைப் பரப்புவது மாத்திரமன்றி, நினைக்கப்பட வேண்டியவர்களை அது மறக்கடித்து விடுகிறது.

அந்த அழிவிலிருந்து உலகம் பெற்ற நன்மை, உண்மையைத் தேடிய விசாரணைகளால் வந்தது. 1914இல் கடற்பயணப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை உருவானது. அனைவருக்கும் படகு, இடையறாத தந்திக் கண்காணிப்பு என்பன அதில் விதிக்கப்பட்டன. சாபக் கதைகளால் ஒரு படகுகூடக் கூடவில்லை.

இன்று நம் கையடக்கத் தொலைபேசிகளிலும் நாளொரு 'இரகசியம்' வந்து சேர்கிறது. பல வேளைகளில் அதனோடு ஒரு புனிதரின் படமும் இணைந்திருக்கும். அதை அடுத்தவருக்கு அனுப்புமுன் ஒரு கணம் நில்லுங்கள். பொய்ச்சான்று கூறாதிருக்கும்படி பணிக்கும் எட்டாம் கட்டளை, விரல் நுனிக்கும் உரியதே.