மயில்கொன்றைக்கும் குமரிக்கண்டத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?

இதை எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா வம்பு தானா தேடி வந்தா என்ன செய்ய?

போன வாரம் காலையில் கடற்கரைச் சாலையில் நடந்துட்டு, வழக்கமான டீக்கடைக்குப் போனேன். கடைக்கு மேல மயில்கொன்றை சிவப்பா பூத்துக் கொட்டிக் கிடந்தது. கூட நடக்கிற பெரியவர் ஒருத்தர், ரிட்டயர்டு வாத்தியார், மரத்தைக் காட்டி ஆரம்பிச்சார்.

"தம்பி, இது மடகாஸ்கர் மரம். நம்ம வாதநாராயணன் இதோட பங்காளி. ரெண்டும் எப்படி ரெண்டு கரையிலயும் இருக்கு? நடுவுல லெமூரியா இருந்திருக்கு. அதான் நம்ம குமரிக்கண்டம்!"

"சார், அது வந்து..."ன்னு இழுத்தேன். விடலை. சாயங்காலமே வாட்ஸப்பில் ஒரு படமும் அனுப்பிட்டார்.

அவர் சொன்னதுல பாதி உண்மை. மயில்கொன்றை தானா முளைக்கிறது மடகாஸ்கரில் மட்டும்தான். மூட்டுவலிக்கு நம்ம வீட்டுல பறிச்சுப் போடுற வாதநாராயணனும் அதே பேரினம்தான். ஆனா மீதிப் பாதி இருக்கே, அங்கதான் கதை கந்தலாகுது.

இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்தது நிஜம். பிரிஞ்சது சுமார் 8.8 கோடி வருஷத்துக்கு முன்னாடி. மயில்கொன்றை, புளி, துவரை எல்லாம் சேர்ந்த பயறுக் குடும்பத்துக்கு உறுதியான புதைபடிவம் 6.5 கோடி வருஷம் வாக்கில்தான் கிடைச்சிருக்கு. பங்காளிங்க பொறக்கறதுக்கு முன்னாடியே பாகப்பிரிவினை முடிஞ்சு போச்சு சார்!

'லெமூரியா'ங்கிற பேரே தமிழ் இல்லை. 1864-ல் பிலிப் ஸ்க்லேட்டர்னு ஒரு வெள்ளைக்காரர், லெமூர் வகை விலங்குகள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் எப்படி வந்ததுன்னு புரியாம யோசிச்ச யூகம் அது. 1960-களில் கண்டங்களே நகருதுன்னு உறுதியானதும் அந்த யூகம் தேவையில்லாம போயிடுச்சு. அவங்க தூக்கிப் போட்டதை நாம எடுத்து மாலை போட்டு வச்சிருக்கோம்.

"மொரீஷியஸ் அடியில் பழைய கண்டத்துண்டு கண்டுபிடிச்சுட்டாங்களே?"ன்னு அடுத்து கேப்பீங்க. ஆமா, 2017-ல் அப்படி ஒரு ஆய்வு வந்தது. எரிமலைப் பாறையில் கிடைச்ச சிர்க்கான் துணுக்குகளுக்கு வயசு 300 கோடி வருஷம் வரைக்கும். அந்தத் துண்டு சிதறின காலத்துல மனுசனே கிடையாது. அப்புறம் தமிழ்ச் சங்கம் எங்க நடந்திருக்கும்?

சரி, செடி தீவுக்கு எப்படித்தான் போச்சு? நம்ம ஊரு ஆளுங்களுக்கு ரீயூனியன் நல்லாத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் சனங்களைக் கரும்புக் காட்டு வேலைக்குக் கப்பலேத்திக் கொண்டுபோன தீவு. அது கடலுக்கடியில் எரிமலை கக்கிக் கக்கி எழும்பினது. எந்தக் கண்டத்தோடயும் எப்பவும் ஒட்டினதே இல்லை. அப்படியும் அங்க மட்டுமே இருக்கிற மரங்கள் உண்டு. அதுல ஒண்ணு ஒரு அகேசியா மரம். 2014-ல் மரபணுவைப் பார்த்தவங்க அசந்துட்டாங்க. அதோட சொந்தக்காரன் பக்கத்து ஆப்பிரிக்காவில் இல்லை, 18,000 கிலோமீட்டர் தள்ளி ஹவாயில்! சுமார் 14 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி ஏதோ ஒரு விதை வந்து சேர்ந்திருக்கு. பெரும்பாலும் கடற்பறவை கொண்டு வந்திருக்கலாம்ங்கறாங்க. இதுக்கு எந்தக் கண்டத்தைப் பாலமா போடுவீங்க?

டார்வின் இதை வீட்டுலயே சோதிச்சார். 87 வகை விதையை உப்புத்தண்ணியில் ஊறப் போட்டார். 28 நாள் கழிச்சும் 64 வகை முளைச்சது. லட்சக்கணக்கான வருஷத்துல ஒரே ஒரு விதை கரை ஒதுங்கினாப் போதும். போட்டிக்கு ஆள் இல்லை, மேய ஆடுமாடு இல்லை. தாய்நிலத்தோட தொடர்பு அறுந்து, தலைமுறை தலைமுறையா மாறித் தனி இனமாயிடும். கலிபோர்னியாவிலிருந்து ஹவாய் போன ஒரு களைச்செடி வம்சம், சுமார் 50 லட்சம் வருஷத்துல செடி, புதர், மரம், கொடின்னு 30 இனம் வரைக்கும் பெருகியிருக்கு. முள்ளும் காரமும் தேவையில்லைன்னு விட்டுட்ட தீவுச் செடிகளும் உண்டு. அதனாலதான் ஒரு ஆடு இறங்கினாலே காலி.

"அட, ஒரு கதைதானே, விட்டுட்டுப் போயேன்"னு கேக்கலாம். விட முடியலை. கிரேட் நிக்கோபார்னு ஒரு தீவு நம்ம வங்காள விரிகுடாவிலேயே சுமத்ராவை ஒட்டிக் கிடக்கு. அங்க துறைமுகமும் நகரமும் கட்ட சுமார் 130 சதுர கி.மீ. காட்டை எடுக்க 2022-ல் அனுமதி கொடுத்தாங்க. அதுக்கு ஈடா எங்க மரம் நடறாங்களாம் தெரியுமா? ஹரியானாவில்!

தீவுக்காடுங்கிறது பெரிய நிலத்தோட உடைஞ்ச துண்டுன்னு நினைக்கிறவனுக்கு இது தப்பாவே தெரியாது. இங்க வெட்டினதை அங்க நட்டாப் போச்சு. அது தனிமையில், லட்சக்கணக்கான வருஷத்துல உருவான சரக்குன்னு தெரிஞ்சவனுக்குத்தான் வயிறு எரியும். வெட்டினா வெட்டினதுதான். வேற எங்கயும் ஜோடி கிடையாது.

தமிழுக்குப் பெருமை சேர்க்க ரெண்டாயிரம் வருஷ இலக்கியம் இருக்கு, கீழடி இருக்கு. முழுகாத சொத்து அவ்வளவு இருக்கும்போது முழுகின கண்டம் எதுக்கு? காணாமப் போன நிலத்துக்கு அழுதுட்டு, கண்ணு முன்னாடி காணாமப் போறதைக் கோட்டை விடறோமேங்கிறதுதான் என் ஆதங்கம்.

வாத்தியார் இதைப் படிப்பார். சார், கோவிச்சுக்காம நாளைக்கும் நடக்க வாங்க, டீ என் செலவு. மத்தவங்க பின்னூட்டத்தில் திட்டலாம், வீட்டுக்கு ஆட்டோ மட்டும் அனுப்பிடாதீங்க :-)