கடையை இழந்தவர் கற்ற பாடம்



"தோல்வியே வெற்றிக்கு முதல் படி" என்ற வாசகத்தை நாம் பள்ளிக்கூடச் சுவரில் படித்தோம். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் படிக்கிறார்கள். ஆனால் கடையை மூடிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு வணிகரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். "படி சரி ஐயா, மாடி எங்கே இருக்கிறது?" என்று கேட்பார். அவர் கேட்பதில் தவறில்லை.

நம் கடைவீதியில் அப்படி ஒரு நண்பர் இருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேல் மளிகைக் கடை நடத்தியவர். காலை ஐந்தரை மணிக்குக் கடை திறப்பார். கல்லாவில் ஒரு ரூபாய் பிசகாது. கட்டடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்ததும் வாடகை கொடுத்ததும் எல்லாம் வாய்ப்பேச்சில்தான். பெரியவர் காலமானார்; பிள்ளைகள் வந்தார்கள்; இடம் வேண்டும் என்றார்கள். நண்பரிடம் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை. சரக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு வெளியே வந்தார். தெரு முழுக்க அவருக்காக வருத்தப்பட்டோம். ஆனால் வருத்தப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போன நம்மில் எத்தனை பேர், நம் கடைக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்த்தோம்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இங்கே ஒருவருடைய கதையைச் சொல்ல விரும்புகிறோம். பெயரைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். அவர் பெயர் சாம் வால்டன். ஆம், வால்மார்ட்டைத் தொடங்கியவர்தான். 2012-இல் பல பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது நாம் கடையடைப்பு நடத்தினோமே, அப்போது நம் அட்டைகளில் எழுதப்பட்டிருந்த பெயர் அது. 2018-இல் பிளிப்கார்ட்டை வாங்கியதும் அதே கம்பெனிதான். அந்தக் கம்பெனியின் மீது நமக்குள்ள எதிர்ப்பில் மாற்றம் இல்லை. ஆனால் அதைத் தொடங்கியவர் பிறக்கும்போதே பெருமுதலாளி அல்லர். நம்மைப் போல ஒற்றைக் கடைக்காரர். அதிலும், நம் நண்பருக்கு நேர்ந்த அதே கதி நேர்ந்த கடைக்காரர். எதிரியின் கணக்குப் புத்தகம் கையில் கிடைத்தால் படிக்காமல் விடுவானா வியாபாரி?

கையெழுத்து சரியில்லாத விற்பனையாளர்

வால்டன் 1918-இல் பிறந்தவர். கல்லூரி முடித்ததும் 1940-இல் ஜே.சி. பென்னி என்ற ஜவுளிக் கம்பெனியின் கடையில் மாதம் 75 டாலர் சம்பளத்துக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். கடைத்தொழில்தான் தன் வாழ்க்கை என்று கனவு கண்டு போனவர் அல்லர். மேற்படிப்புக்குக் கையில் பணமில்லை; கிடைத்த வேலையில் சேர்ந்தார்.

சேர்ந்த இடத்தில் நல்ல பெயரும் இல்லை. கையெழுத்து கோழி கிறுக்கல். வாடிக்கையாளரைக் காக்க வைத்துவிட்டுச் சீட்டு எழுதுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் சீட்டுகள் எப்போதும் குளறுபடி. தலைமையகத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர், விற்பனையில் கெட்டிக்காரனாக இல்லாவிட்டால் உன்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பேன், உனக்குக் கடைத்தொழில் ஒத்துவராது போலிருக்கிறது என்கிற பொருளில் சொன்னாராம்.

இன்னொரு நாள் கம்பெனியின் நிறுவனரான பென்னியே அந்தக் கடைக்கு வந்தார். பொட்டலம் கட்டும்போது மிகக் குறைந்த காகிதத்தையும் நூலையும் வைத்து அழகாகக் கட்டுவது எப்படி என்று அந்த இளைஞனுக்குச் செய்து காட்டினார். சீனியையும் பருப்பையும் தாளில் மடித்துச் சணல் சுற்றிக் கொடுத்துப் பழகிய நம் பெரியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்தப் பென்னியும் அடிபட்டு வந்தவர்தான். அவர் முதலில் வைத்தது இறைச்சிக் கடை. ஊர் ஓட்டலின் சமையற்காரருக்கு வாரம் ஒரு புட்டி விஸ்கி கொடுத்தால்தான் ஆர்டர் நிலைக்கும் என்ற நிலை. ஒருமுறை கொடுத்தார், பிறகு மனம் ஒப்பாமல் நிறுத்தினார். ஆர்டர் போயிற்று, கடையும் போயிற்று. 1902-இல் வயோமிங் மாநிலத்தின் கெம்மரர் என்ற சுரங்க ஊரில் ஜவுளிக் கடை திறந்துதான் அவர் தலையெடுத்தார்.

"என் மகனுக்குக் கடையில் நாட்டமில்லை, அவனுக்கு எது வரும் என்றே தெரியவில்லை" என்று நம்மில் பலர் புலம்புகிறோம். நாட்டம் என்பது வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் வருவதில்லை. கை வேலை செய்யும்போது மனம் எங்கே ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். வால்டனுக்குச் சீட்டு எழுதுவதில் ஒட்டவில்லை. வாடிக்கையாளரோடு பேசுவதில் ஒட்டியது. தணிக்கை செய்தவர் குறையைப் பார்த்தார். வால்டன் தன் நிறையைப் பிடித்துக்கொண்டார்.

நியூபோர்ட்டில் ஐந்து ஆண்டுகள்

ராணுவப் பணி முடிந்து 1945-இல், ஆர்கன்சா மாநிலத்தில் ஏறத்தாழ 7,000 பேர் வசித்த நியூபோர்ட் என்ற பருத்தி ஊரில் அவர் ஒரு கடையை வாங்கினார். பென் பிராங்க்ளின் என்ற கம்பெனியின் பெயரில் நடக்கும் பலசரக்குக் கடை. விலை 25,000 டாலர். சொந்தப் பணம் 5,000, மாமனாரிடம் கடன் 20,000.

வாங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. கடையின் ஆண்டு விற்பனை 72,000 டாலர். எதிர்க்கடையின் விற்பனை அதைப்போல் இரண்டு மடங்கு. வாடகையோ விற்பனையில் 5 சதவீதம்; அந்தத் தொழிலில் யாரும் அவ்வளவு கொடுப்பதில்லை.

அவர் அழவில்லை. தினமும் எதிர்க்கடைக்குப் போய் விலையையும் அடுக்கையும் பார்த்தார். கம்பெனி அனுப்பும் சரக்கின் விலை கட்டுப்படியாகாதபோது, வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு வெளிமாநிலத்துக்கே போய் நேரடியாகக் கொள்முதல் செய்தார். அவர் அங்கே கண்டுகொண்ட கணக்கு இது: 80 சென்டுக்கு வாங்கிய பொருளை 1 டாலர் 20 சென்டுக்கு விற்றால் 40 சென்டு லாபம். அதையே 1 டாலருக்கு விற்றால் லாபம் 20 சென்டுதான். ஆனால் மூன்று மடங்கு விற்கிறது, மொத்த லாபம் 60 சென்டு. நம் மொத்த வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. ஆனால் தெரிந்த கணக்கை எல்லாச் சரக்குக்கும் துணிந்து பார்த்தவர் அவர். ஐந்தாம் ஆண்டில் விற்பனை 2,50,000 டாலரைத் தொட்டது.

அப்போதுதான் இடி விழுந்தது. ஐந்தாண்டு லீஸ் முடிந்தது. புதுப்பித்துக்கொள்ளும் உரிமை அந்த ஒப்பந்தத்தில் இல்லை. கட்டட உரிமையாளர் தம் மகனுக்கு அந்தக் கடையை விரும்பினார். சரக்கையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் நியாய விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், இடத்தை மட்டும் தரமாட்டேன் என்றார். ஊரில் வேறு நல்ல இடம் இல்லை. நன்றாக நடந்த கடையை ஒப்படைத்துவிட்டு, மனைவியோடும் நான்கு குழந்தைகளோடும் ஊரைவிட்டு வெளியேறினார் வால்டன்.

தம் தொழில் வாழ்வின் மிகத் தாழ்ந்த நாள் அதுதான் என்று பின்னாளில் எழுதினார். கட்டட உரிமையாளர் மீது அவருக்குக் கோபம் இருந்தது. ஆனாலும் அப்படிப்பட்ட லீஸில் மாட்டிக்கொண்டதற்குத் தம்மையும் குறை சொல்லியே எழுதினார். இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். நஷ்டத்துக்கு மூன்று விதமாகக் காரணம் சொல்லலாம். நேரம் சரியில்லை என்னலாம். அவன் ஏமாற்றிவிட்டான் என்னலாம். நான் இன்னதைச் செய்யத் தவறினேன் என்னலாம். முதல் இரண்டும் மனதுக்கு ஆறுதல் தரும். மூன்றாவது ஒன்றுதான் அடுத்த கடைக்கு உதவும்.

பாடம் எப்படிப் பயன்பட்டது என்று பாருங்கள். 1950-இல் பென்டன்வில் என்ற இன்னும் சிறிய ஊருக்குப் போனார், மக்கள்தொகை 3,000. பக்கத்திலிருந்த முடிதிருத்தும் கடையின் இடத்தையும் சேர்த்துத்தான் கடையை விரிவாக்க முடியும். இந்த முறை 99 ஆண்டு லீஸ் கிடைத்த பிறகுதான் காரியத்தில் இறங்கினார். வாடிக்கையாளரே தட்டிலிருந்து பொருளை எடுத்துக்கொள்ளும் முறை மின்னசோட்டாவில் இரண்டு கடைகளில் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, இரவு முழுக்கப் பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தம் கடையிலும் செய்தார்.

1962 ஜூலை 2-இல் ரோஜர்ஸ் என்ற ஊரில் முதல் வால்மார்ட் திறந்தது. அதன் பிறகாவது சறுக்கல் நின்றதா? 1964-இல் ஹாரிசன் ஊரில் அடுத்த கடை. திறப்பு விழாவுக்குத் தர்பூசணியை வாசலில் குவித்து, குழந்தைகளுக்குக் கழுதைச் சவாரியும் வைத்தார். கொளுத்தும் வெயிலில் பழங்கள் வெடித்தன. கழுதைகள் தம் வேலையைச் செய்தன. இரண்டும் கலந்து, வந்தவர் காலோடு கடைக்குள்ளும் போயிற்று. அன்று வேடிக்கை பார்க்க வந்த டேவிட் கிளாஸ் என்பவர், இதைப்போல மோசமான கடையைப் பார்த்ததில்லை என்று முடிவு கட்டினார். பின்னாளில் அவரே அந்தக் கம்பெனியில் சேர்ந்து, 1988-இல் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார்.

நம் ஊர்க் கதை ஒன்று

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்பவர்களுக்கு ராயபுரத்தைக் காட்டுவோம். ஆர்.ஜி. சந்திரமோகன் புகுமுக வகுப்பில் கணக்கில் தேறாதவர். 1970-இல் 13,000 ரூபாய் முதலில், வாடகை இடத்தில் குச்சி ஐஸ் போட்டுத் தள்ளுவண்டியில் விற்றார். பிறகு அருண் ஐஸ்கிரீம். சென்னையில் பெரிய கம்பெனிகளோடு மோதி நிற்க முடியவில்லை. அவர்கள் எட்டிப் பார்க்காத சிற்றூர்களுக்குத் தம் சரக்கைக் கொண்டு போனார். ஆரோக்யா பாலும் ஹட்சன் கம்பெனியும் அந்த வழியில் வளர்ந்தவை. வால்டனும் பெரிய கடைகள் சீண்டாத சிறு ஊர்களில்தான் வளர்ந்தார். பெரியவன் அடித்த இடத்திலேயே நின்று அடி வாங்குவது வீரம் அல்ல. அவன் கை எட்டாத இடம் எது என்று பார்ப்பதே வியாபாரம். சில நிமிடங்களில் வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறோம் என்று கம்பெனிகள் வந்திருக்கும் இந்நாளில் இதை நாம் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டும். தெருவில் யாருக்கு எந்த அரிசி, யார் வீட்டில் விசேஷம், யாருக்கு மாதக் கடைசியில் பற்று வைக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும்.

மாமனார் இல்லாதவர் என்ன செய்வது?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வால்டனுக்கு 20,000 டாலர் கொடுக்க மாமனார் இருந்தார். அந்த 99 ஆண்டு லீஸைப் பேசி வாங்கிக் கொடுத்தவரும் மாமனாரே. கடை போனாலும் கையில் பணத்தோடு வெளியே வந்தார். அப்படி ஒரு துணை இல்லாமல் விழுந்து, எழாமலே போனவர்களின் கதையை யாரும் புத்தகமாகப் போடுவதில்லை. வால்மார்ட் வளர்ந்த பிறகு அமெரிக்கச் சிற்றூர்களில் கடையை மூடிய சிறு வணிகர்களும் அந்தக் கணக்கில் உண்டு. ஆகவே விழுந்தவரிடம் "முயற்சி போதாது" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. மாமனார் இல்லாதவருக்குச் சங்கம்தான் மாமனாராக இருக்க வேண்டும்.

அதற்காக மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, வாடகை ஒப்பந்தம். பழைய 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நம்பி, "நம்மை யார் காலி செய்ய முடியும்" என்று இருந்த காலம் போய்விட்டது. தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். காலம் எவ்வளவு, புதுப்பிக்கும் உரிமை உண்டா, அட்வான்ஸ் எவ்வளவு என்ற மூன்றையும் படிக்காமல் கையெழுத்து வேண்டாம். ஒவ்வொரு கிளைச் சங்கமும் மாதம் ஒரு நாள் ஒரு வழக்கறிஞரை உட்கார வைத்து உறுப்பினர்களின் ஒப்பந்தங்களைப் பார்த்துக் கொடுக்கலாம். சந்தாப் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு இல்லை.

இரண்டாவது, நஷ்டக் கணக்கு. பேரேட்டில் தொகையை எழுதுகிறோம், காரணத்தை எழுதுவதில்லை. புழு வைத்த பருப்பு, திரும்பாத கடன், விலை இறங்கும் நேரத்தில் வாங்கிப் போட்ட எண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வைத்தால், ஆண்டு முடிவில் நம் தவறு எது என்று நமக்கே தெரியும். நம் கூட்டங்களிலும் லாபம் கண்டவருக்குச் சால்வை போடுவதோடு, நஷ்டப்பட்டவர் தயங்காமல் எழுந்து பேசவும் பத்து நிமிடம் ஒதுக்குவோம். ஒருவர் பட்டது நூறு பேருக்குப் பாடமாகும்.

மூன்றாவது, நம் பிள்ளைகள். அவர்களை நேராக நம் கல்லாவில் உட்கார வைக்காமல், ஓர் ஆண்டு வேறொரு உறுப்பினரின் கடையில் சம்பளத்துக்கு நிற்க வைப்போம். தொழில் ஒட்டுகிறதா என்று அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஒட்டவில்லை என்றால் அதுவும் நல்லதே, காலத்தில் தெரிந்துகொண்டோம்.

தொடக்கத்தில் சொன்ன நண்பர் இன்னும் திண்ணையில்தான் இருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டவில்லை. பென்டன்வில் போனபோது வால்டனுக்கு வயது முப்பத்திரண்டு. நண்பருக்கு வயது அதிகம், அனுபவமும் அதிகம். பக்கத்துத் தெருவில் ஒரு சிறு இடம் காலியாக இருக்கிறது. மொத்த வியாபாரிகள் நாலு பேர் சேர்ந்து முதல் மாதச் சரக்கைக் கடனாகக் கொடுத்தால் அவர் மீண்டும் கடை திறப்பார். இந்த முறை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க நாமும் கூடப் போவோம்.