வரைபடத்தில் புள்ளி வந்தால் போதுமா?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

டித்வா புயல் அடித்த 2025 நவம்பர் கடைசி நாட்களை பதுளையில் இருந்த யாரும் மறக்கவில்லை. கரண்ட் இல்லை, பாதை இல்லை, போனில் சிக்னல் இல்லை. எங்களோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருவரின் தாய் தகப்பன் பசறைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பது மூன்றாம் நாள்தான் தெரிய வந்தது. அதையும் மண்சரிவைச் சுற்றி நடந்தே வந்த ஒரு பொடியன் சொல்லித்தான் அறிந்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் ஆசிரியர் வட்டத்தில் அடிக்கடி அடிபடும் பெயர் ஏபிஆர்எஸ். அமெச்சூர் வானொலிக்காரர்களின் முறை. ஜிபிஎஸ் சொல்லும் இடத்தை ஒரு சின்னக் கருவி சத்தமாக மாற்றி விஎச்எஃப் அலையில் அனுப்பும். ஒரு தடவை அனுப்ப ஒரு செக்கன் போதும். அதைக் கேட்கும் நிலையம் ஒன்று இன்டர்நெட்டில் ஏற்றிவிடும். அந்த நிலையத்துக்கு ஐகேட் என்று பெயர். பிறகு லண்டனில் இருக்கும் பிள்ளைகூட வரைபடத்தில் புள்ளியைப் பார்க்கலாம்.

"தோட்டத்துக்கு ஒரு ஐகேட் வைப்போம்" என்று சிலர் உற்சாகமாகச் சொல்கிறார்கள். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இன்டர்நெட் செத்துப்போகும் நாளுக்காகத்தானே இந்தப் பாடு? கரண்டும் இன்டர்நெட்டும் போன தோட்டத்தில் ஐகேட் வெறும் பெட்டி. தோட்டத்துக்குத் தேவை பற்றரியில் ஓடும் கருவி. உயரத்தில் தேவை, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் ஒரு டிஜிபீற்றர். ஐகேட் இருக்க வேண்டியது அனர்த்தம் தொடாத இடத்தில்.

மலையையும் யோசிக்க வேண்டும். விஎச்எஃப் மலையைத் துளைத்துப் போகாது. பதுளை டவுனில் ஒன்றை வைத்துவிட்டு ஊவா முழுவதும் கேட்கும் என்று இருக்க முடியாது. கொஸ்லாந்தை, ஹல்துமுல்லைச் சரிவுகள் தெற்கே வெல்லவாய சமவெளியைப் பார்த்து நிற்கின்றன. அவற்றுக்குக் காது வெல்லவாயப் பக்கம்தான் இருக்க வேண்டும். பசறைப் பக்கத்துக்கு நமுனுகுல போன்ற உயரம் வேண்டும்.

இந்த முறையை உருவாக்கிய பொப் புருனிங்கா அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் வேலை செய்தவர், 2022இல் காலமானார். இது வாகனத்தைப் பின்தொடரும் விளையாட்டு அல்ல, இரண்டு பக்கமும் செய்தி பேசும் வழி என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பெயரில் 'இடம்' என்று இருந்த சொல்லையே பிறகு 'பொதி' என்று மாற்றினார். ஆனாலும் எல்லோரும் புள்ளியைத்தான் பார்க்கிறார்கள். "இருபது பேர் பள்ளிக்கூடத்தில், பால்மா இல்லை" என்ற ஒரு வரி பத்துப் புள்ளிக்குச் சமம்.

2004 சுனாமியில் ஹம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுபோக உதவியவர்கள் விக்டர் குணத்திலக்கவும் அவரது வானொலி நண்பர்களும். அவர்களிடம் இருந்தது சிற்றலைக் கருவியும் பற்றரியும், கூடவே பல வருடப் பழக்கமும். பழக்கத்தைக் கடையில் வாங்க முடியாது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை. அந்த மலை சரியும் என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அங்கே குறைந்தது வானொலி அல்ல. சனத்துக்குப் போய்க் குடியிருக்க வேறு காணி இருக்கவில்லை. லயத்துக்குப் பதிலாக ஏபிஆர்எஸ் தருகிறோம் என்று யாராவது கிளம்பினால் முதலில் சண்டைக்கு வருவது நாங்கள்தான்.

ஆனால் காணி வரும்வரை மழை காத்திருக்காது. சாரணர் பிள்ளைகள் ஒவ்வொரு ஒக்டோபரும் ஜோட்டாவில் உலகத்தோடு வானொலியில் பேசுகிறார்கள். அதை ஒரு வார இறுதியோடு விடாமல், தமிழ்மொழிப் பாடசாலைகளில் வருடம் முழுவதும் நடக்கும் கழகமாக்கலாம். அனுப்புவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே முதலில் ஆசிரியர்கள் நாங்கள் பரீட்சை எழுத வேண்டும். (சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலால் போகும்போது 145.825 மெகாஹேர்ட்ஸில் இதே பொதிகளைக் கேட்கலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைக் காட்டிப் பாருங்கள்.)

பசறை, லுணுகலை, ஹாலிஎல, வெல்லவாயப் பக்கம் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்கள், பழைய விஎச்எஃப் செட் கிடப்பவர்கள் யாரும் இருந்தால் இன்பொக்ஸில் ஒரு வார்த்தை போடுங்கள். அடுத்த மழைக்கு முன்னர் மலையேறி ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.