படிகள் பல, நீர் ஒன்று



கல்லூரிப் படிப்பை முடித்த பிள்ளைகள் உள்ள இல்லங்களில், 'அடுத்து என்ன?' என்னும் வினா இரவு உணவு வேளையில் தவறாமல் எழும். பொறியியல், மருத்துவம், கணிப்பொறி, வங்கித் தேர்வு என விடைகளும் வரிசையாய் வரும். இத்திங்கள், பெற்றோர் பலர் எண்ணிப் பாராத ஒரு துறையைப் பற்றிச் சொல்ல விழைகிறோம். நீரையும் காட்டையும் மக்கள் எவ்வாறு கூடிக் காக்கின்றனர், எங்கே தவறிப் போகின்றனர் என்பதை ஆராயும் துறை அது. 'இயற்கை வளங்களின் பல்மட்ட ஆளுகை' என்று அறிஞர் இதனை அழைப்பர். பெயர் பெரிது, பொருளோ நம் வயல் வரப்பிலேயே கிடக்கிறது.

படவேட்டை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை மாவட்டத்தில், சவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் அது. ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகராய் விளங்கிற்று. இன்று வாழைத் தோட்டங்களுக்குப் பேர்பெற்றது. மலையில் பெய்யும் மழை கமண்டல நதியாய் இறங்கி, செண்பகத்தோப்பு அணையில் தங்கி, ஆரணிப் பக்கமாய் ஓடிச் செய்யாற்றில் சேர்கிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது.

இந்த ஒரே நீருக்கு எத்தனை காவலர் என்று எண்ணிப் பாருங்கள். மழை விழும் காடு வனத்துறையின் பொறுப்பு. ஆயினும் அக்காட்டில் தலைமுறை தலைமுறையாய் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கும், அவர்தம் கிராம சபைக்கும், காட்டைக் காக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வழங்கியிருக்கிறது. அணை நீர்வளத்துறையின் கையில். 2021 வரை அது பொதுப்பணித்துறையின் ஓர் அங்கமாய் இருந்தது. 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு, மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரி அதே துறையைச் சேரும். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தைச் சேரும். பாசனத்தில் உழவர் பங்கு பெறுவதற்கென 2000ஆம் ஆண்டில் மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது. கிணற்று நீரோ நிலத்துக்கு உரியவர் கையில். அதனை இறைக்கும் மோட்டாருக்கு இலவச மின்சாரம் தரும் முடிவு சென்னையில். பாலாற்றைப் பற்றிய வழக்கு என்றாலோ, 1892ஆம் ஆண்டு சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தத்தைப் புரட்டிக்கொண்டு தில்லி உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டும்.

இவர்களுள் எவரும் தம் கடமையைச் செய்யாதவர் என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தம் படியை மட்டுமே அறிந்திருக்கின்றனர் என்பதே குறை. செண்பகத்தோப்பு அணை 2007இல் திறக்கப்பட்டது. அதன் மதகுக் கதவுகள் பழுதுற்றமையால் பல ஆண்டுகள் அதில் நீரை முழுமையாய்த் தேக்க இயலவில்லை. நீர் வீணாவதைக் கண்ணால் கண்டவர் உழவர். பழுதின் தன்மையை அறிந்தவர் பொறியாளர். அதற்குரிய பணத்தை ஒதுக்க வல்லவர் தலைநகரில் இருப்பவர். இம்மூவரின் அறிவும் ஓரிடத்தில் கூடும் வரையில் கடைமடை காத்திருக்கவேண்டியதுதான்.

நம் முன்னோர் இதனை உணர்ந்திருந்தனர். ஏறக்குறைய 1100 ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஏரியைக் கவனிக்க 'ஏரி வாரியம்' ஒன்று இருந்ததைக் காட்டுகின்றன. வாரியங்களில் அமர்வோர்க்கு வயதும் கல்வியும் சொத்தும் இன்னவாறு இருக்கவேண்டும் என விதி செய்தனர். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாது போனவரையும், அவருடைய உறவினரையுங்கூட விலக்கினர். ஆயின் அவ்விதிகள் கல்வியையும் நிலத்தையும் உடையார்க்கே இடம் தந்தன; கூலி வேலை செய்தவர் குரல் அவ்வவையில் ஏறவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. ஏரி காக்கப் பயிற்சியும் வேண்டும். அப்பயிற்சி எல்லோர் குரலையும் கேட்கக் கற்பிப்பதாயும் இருத்தல் வேண்டும்.

இக்காலத்தில் இதற்கு வழிகாட்டியவருள் தலையாயவர் அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார். இளம் ஆய்வாளராய் இருந்தபோது, லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பகுதியில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்ததை மக்களும் ஊர்மன்றங்களும் எவ்வாறு கூடித் தடுத்தனர் என்று ஆராய்ந்து, 1965இல் முனைவர் பட்டம் பெற்றார். பொதுவளத்தை அரசோ தனியாரோ மட்டும்தான் காக்க முடியும் என்பதில்லை. பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காக்கலாம். வளம் பெரிதாயின் சிறு சபைகள் பெரிய சபைகளோடு படிப்படியாய் இணைந்து நிற்கவேண்டும் என்று 1990இல் வெளிவந்த நூலில் நிறுவினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. அவரும் கணவர் வின்சென்ட்டும் 1973இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நிறுவிய ஆய்வு நிலையத்திற்குப் 'பட்டறை' என்றே பெயரிட்டனர். தச்சர் ஒருவரிடம் மரவேலை பழகிய அவ்விருவரும், ஆசானும் மாணவரும் ஒரே மேசையில் கைவைத்து வேலை செய்வதே சிறந்த கல்வி எனக் கண்டிருந்தனர்.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி நடந்ததுண்டு. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சாசிவாட்டர்ஸ் என்னும் தெற்காசிய நிறுவனம், நெதர்லாந்து நாட்டு உதவியுடன் 2005 முதல் சில ஆண்டுகள் 'எல்லைகளைக் கடத்தல்' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு திட்டத்தை நடத்தியது. இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம் ஆகிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் அதில் சேர்ந்தன. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையமும் அவற்றுள் ஒன்று. அணையும் குழாயும் மட்டும் அறிந்த பொறியியல் மாணவர் அங்கே சமூகவியலும் பயின்றனர். தண்ணீருக்காக நடக்கும் பெண்ணின் நிலை தனிப்பாடமாயிற்று. நீர்த்துறைக்குப் பெண்கள் வரவேண்டும் என்று மாணவியருக்கு உதவித்தொகையும் தரப்பட்டது.

இக்கருத்து நமக்கு அந்நியமானதன்று. சிறிய குழு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி. சிறியதால் இயலாதபோது துணைநிற்பதே பெரியதன் கடமை. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் போதித்தது இதுவே. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடல், பூவுலகின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கப் பணித்தது.

ஆகவே, இத்துறையில் இறங்கும் பிள்ளைகள் மூன்று பாடங்களைக் கற்றாகவேண்டும் என்போம். முதலாவது, படி இறங்குதல். தலைமதகுக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாமல், கடைமடையில் களையெடுக்கும் பெண்ணிடமும், மலைமேல் சாமை விதைக்கும் குடும்பத்திடமும் அமர்ந்து கேட்கவேண்டும். இரண்டாவது, படி ஏறுதல். சட்டத்தையும் அரசாணையையும் வரவு செலவுக் கணக்கையும் படித்து, எந்த முடிவு எந்த மேசையில் எடுக்கப்படுகிறது என்று கண்டறியவேண்டும். மூன்றாவது, திரும்பி வருதல். குறிப்பேட்டோடு வந்து, கேள்வி கேட்டு, பட்டம் பெற்றபின் அவ்வூரை மறந்துபோகும் ஆய்வாளர் உளர். ஊரார் தந்த செய்தி ஊராருடைய உடைமை. கண்ட முடிவை அவர்களுக்குப் புரியும் தமிழில் கிராம சபையில் படித்துக் காட்டாத ஆய்வு, பாதிக் கிணறு வெட்டிய கதைதான்.

பெற்றோரே, இப்படிப்பில் முதல் நாளே கைநிறையச் சம்பளம் கிடைக்கும் என்று ஆசை காட்டமாட்டோம். ஆயினும் சூழலியல், பொருளியல், சமூகவியல், நீர்ப்பொறியியல் ஆகியவற்றில் நாட்டம் கொண்ட மகனோ மகளோ உங்கள் இல்லத்தில் இருப்பின், 'இதெல்லாம் சோறு போடுமா?' என்று வாயடைத்து விடாதீர்கள். சோற்றுக்கு நெல் வேண்டும். நெல்லுக்கு நீர் வேண்டும். நீருக்கு, அதன் எல்லாப் படிகளையும் அறிந்தவர் வேண்டும்.

இன்னுமொன்று. உங்கள் ஊருக்கு இத்தகைய இளைஞர் வந்தால், ஒரு குவளை மோர் கொடுத்து உட்காரவைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். விடைபெறும்போது, 'முடிவை எங்களுக்கு என்று வந்து சொல்வாய், தம்பி?' என்று ஒரு கேள்வி கேட்டு, நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்தம் பயிற்சியில் ஒரு பாடத்தை நடத்திய ஆசிரியர் நீங்களே ஆவீர்கள்.