வானத்திலும் கொம்பனி ஆட்சியா?

ஒல்லாந்தர் இத்தீவின் கரையோரத்தை ஆண்ட காலத்தில் கறுவா அவர்தம் கொம்பனிக்கே உரியதாயிருந்தது. அதனைக் களவில் விற்பது மரணதண்டனைக்குரிய குற்றம். வாங்குபவனும் ஒருவன், விலை கூறுபவனும் அவனே என்றால் உழைப்பவன் கதி யாதாகும் என்பதை அவ்வரலாறு கற்பித்தது. இன்று அதே வினா வானத்தைப் பற்றியும் எழுகின்றது.

2024 யூலையில் நமது தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த மாதமே இலோன் மஸ்க்கின் ஸ்டார்லிங்க் நிறுவனம் அனுமதிப்பத்திரம் பெற்றது. 2025 யூலையில் அதன் செய்மதி இணையச் சேவை இங்கு தொடங்கியது. இதனை நாம் எதிர்க்கவில்லை. வெள்ளவத்தையில் கம்பிவழி இணைப்பு வீட்டுவாசலுக்கே வருகின்றது. வன்னியின் உட்கிராமத்துக் கமக்காரனுக்கு அந்த வசதி எங்கே? 2025 நவம்பரில் தித்வா புயலால் ஊர்கள் துண்டிக்கப்பட்டபோது வான்வழித் தொடர்பின் அருமையை நாடே உணர்ந்தது.

ஆனால் அவ்வழியின் திறவுகோல் யார் கையில்? ஸ்டார்லிங்கின் தாய் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸ் 2024 இல் மட்டும் 134 ரொக்கெட்டுகளை ஏவியது. அவ்வாண்டில் உலகெங்கும் ஏவப்பட்டவற்றில் இது பாதிக்கு மேல். இயங்கும் செய்மதிகளிலும் பாதிக்கு மேற்பட்டவை அதனுடையவை. ஏவிய ரொக்கெட்டைத் தரையிறக்கி மீண்டும் பயன்படுத்திச் செலவைக் குறைத்தமையே இவ்வெற்றியின் காரணம். திறமையை நாம் பழிக்கோம். எனினும் இணையச் சேவையில் அதனோடு போட்டியிடும் வன்வெப்பும் அமேசனும் தம் செய்மதிகளை ஏற்ற அதன் ரொக்கெட்டையே வாடகைக்கு அமர்த்த நேர்ந்தது. 2024 நவம்பரில் இந்தியாவும் 4,700 கிலோ எடையுள்ள தன் செய்மதியை அதனிடமே ஒப்படைத்தது. வண்டியும் பாதையும் சந்தையும் ஒருவனுக்கே சொந்தமாயின், போட்டி பெயரளவில் மட்டுமே நிற்கும்.

2025 யூலை 24 ஆம் நாள் அந்நிறுவனத்தின் மென்பொருட் கோளாற்றால் உலகெங்கும் அதன் சேவை சுமார் இரண்டரை மணி நேரம் முடங்கியது. அது தவறுதல். நாளை அது ஒருவரின் விருப்பமாயின் என்ன செய்வோம்? 1990களில் யாழ்ப்பாணத்தின் தொலைபேசித் தொடர்பு ஆண்டுக்கணக்கில் அறுந்துகிடந்ததைக் கண்ட தமிழருக்கு இக்கேள்வி கற்பனையன்று.

சட்டம் நம்மைக் காக்குமா? ஏகபோகத்தையும் கொம்பனிகளின் இணைப்பையும் விசாரிக்க 1987 ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் வழிசெய்திருந்தது. 2003 இல் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதனை நீக்கியது. போட்டிக்கு ஊறான செயல்களை விசாரிக்கும் அதிகாரம் எஞ்சியது. ஏகபோகத்தை ஆராயும் அதிகாரம் மறைந்தது. வேலியைப் பிடுங்கிவிட்டுப் பயிரைக் காப்பதெங்ஙனம்?

ஆகவே நாம் கோருவன மூன்று. தகுதியுள்ள பிற செய்மதி நிறுவனங்களுக்கும் ஒத்த நிபந்தனையில் அனுமதி வழங்குக. கட்டண உயர்வுக்கும் சேவை நிறுத்தத்துக்கும் முன்னறிவித்தலைக் கட்டாயமாக்கி, அந்நிபந்தனைகளைத் தமிழிலும் வெளியிடுக. ஏகபோகத் தடுப்புச் சட்டத்தை மீண்டும் இயற்றுக. செய்மதி வந்துவிட்டதென்று சாக்குக்கூறி வடக்குக் கிழக்கிலும் மலையகத்திலும் கம்பியும் கோபுரமும் அமைக்கும் கடமையை அரசாங்கம் கைகழுவுதலும் ஆகாது. நமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் இதனைச் சபையில் எழுப்புவார்களாக.

விண்வெளியை எந்த நாடும் தனதென உரிமைகொள்ளலாகாது என்பது 1967 ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தம். நாடுகளுக்கே மறுக்கப்பட்ட ஆதிக்கத்தை ஒரு கொம்பனிக்கு வாளாவிருந்து வழங்குவதா?