வாக்கரில் உட்கார வைத்தால் குழந்தை நடந்துவிடுமா?

குழந்தை தள்ளாடுது, பிடிமானம் இல்லாம நிக்க மாட்டேங்குது என்றதும் சொந்தக்காரர்கள் சொல்வது, "ஒரு வாக்கர் வாங்கிப் போடு". சக்கரம் வைத்த, உட்காரும் வாக்கரை கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது. விற்கவும் கூடாது, இறக்குமதியும் கூடாது. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள்தான் முக்கியக் காரணம். இங்கே ஒரே க்ளிக்கில் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

பேலன்ஸ் சிக்கல் உள்ள குழந்தைக்கு இதில் இன்னொரு வம்பு இருக்கிறது. எடையை சீட் தாங்கிக்கொள்வதால், சாயும்போது தானே நிமிர்ந்துகொள்ளும் பழக்கம் வளராது. நுனிக்காலால் உந்தத்தான் பழகும்.

நம்ம ஊர் மர நடைவண்டி நேர் எதிர். குழந்தை தன் காலில் நின்று தள்ள வேண்டும். வண்டி முந்திக்கொண்டு ஓடினால் அரிசிப் பையைக் கட்டி கனமாக்கலாம். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கைகளை மேலே தூக்கி நடத்துவதைவிட இடுப்பில் பிடிப்பது நல்லது. வழுக்காத தரையில் வெறுங்கால் போதும். விலை உயர்ந்த ஷூ தேவையில்லை.

18 மாதம் தாண்டியும் தனியாக நடக்கவில்லையா? "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தாரு" என்று காத்திருக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பலவீனமாகத் தெரிந்தால் அதற்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் டி.இ.ஐ.சி. மையங்களில் பரிசோதனையும் பிசியோதெரபியும் இலவசம்.