பழைய காரின் கியர் பாக்ஸ்: குறையை அறிவதும் அறிந்ததைச் சொல்வதும்

எங்கள் இல்லத்தில் பதினேழு ஆண்டுகள் ஓடிய சிறிய கார் ஒன்று இருந்தது. பதினைந்தாம் ஆண்டில் பதிவைப் புதுப்பித்து, வாப்பா அதை மேலும் இரண்டு ஆண்டுகள் ஓட்டினார்கள். ஒரு மழைக்காலத்தில் அதன் இரண்டாம் கியர் கரகரக்கத் தொடங்கியது. பட்டறைக்குக் கொண்டு சென்றோம். வண்டியை ஒரு தெரு அளவு ஓட்டிப் பார்த்த மெக்கானிக், "பாக்ஸ் போய்விட்டது பாய், வேறு பாக்ஸ் மாற்றிவிடலாம்" என்றார். வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் வேறு வழி சொன்னார்: "எதற்குச் செலவு செய்கிறீர்கள்? கெட்டியான ஆயிலை ஊற்றி விற்றுவிடுங்கள். வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார்."

இருவரும் சொன்னவை எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், அவற்றில் ஒரு பொதுத்தன்மை இருந்தது. குறை எங்கே இருக்கிறது என்று அறிய இருவருமே விரும்பவில்லை. ஒருவருக்கு அறியாமலேயே தீர்ப்புச் சொல்ல முடிந்தது. மற்றவருக்கு அறியாமல் இருப்பதே இலாபமாகப் பட்டது. பழைய வண்டி வைத்திருப்போர் பலரும் இவ்விரண்டில் ஒன்றில் சிக்கிக்கொள்கிறோம் என்பதால், இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத எண்ணினோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கியர் மாற்றும்போது எழும் தொல்லை எல்லாம் கியர் பாக்ஸின் தொல்லை அன்று. எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் இருக்கிறது. நம் கையிலுள்ள லிவருக்கும் பாக்ஸுக்கும் நடுவே கம்பியோ கேபிளோ, அவற்றைத் தாங்கும் ரப்பர், பிளாஸ்டிக் புஷ்களோ இருக்கின்றன. எஞ்சினையும் பாக்ஸையும் சேர்த்துத் தாங்கும் மவுண்டிங்குகள் இருக்கின்றன. இவற்றுள் எது தளர்ந்தாலும் பழி கியர் பாக்ஸின் மேல்தான் விழும். சில நூறு ரூபாயில் தீரக்கூடிய குறைக்குப் பல்லாயிரம் செலவழிப்பதும், உண்மையாகவே தேய்ந்த பாக்ஸைக் கிளட்ச் மாற்றிச் சரிசெய்யப் பார்ப்பதும் இதனால்தான் நேர்கின்றன.

பாக்ஸைக் கழற்றுவதற்கு முன் அரை மணி நேரம் செலவிட்டால் போதும், பெரும்பாலான ஐயங்கள் தீர்ந்துவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து, எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது எளிதாக விழும் கியர், எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுமையாக விலகவில்லை என்று முதலில் ஐயுற வேண்டும். எஞ்சின் அணைந்த நிலையிலும் லிவர் இறுக்கமாகவோ கொழகொழவென்றோ இருந்தால், லிவருக்கும் பாக்ஸுக்கும் இடைப்பட்ட இணைப்புகளையும் புஷ்களையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது ரிவர்ஸ் சோதனை. பழைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் ரிவர்ஸ் கியருக்குச் சிங்க்ரோனைசர் என்னும் வேக இணைப்பு வளையம் கிடையாது. எனவே வண்டியை நிறுத்தி, எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, கிளட்சை முழுவதும் மிதித்து, மனத்துக்குள் பத்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் சரியாக விலகியிருந்தால், அதற்குள் பாக்ஸின் உள்தண்டு சுழல்வதை நிறுத்தியிருக்கும். கியர் ஓசையின்றி விழும். அத்தனை நேரம் காத்த பின்னும் பற்கள் உரசிக் கத்தினால் குற்றவாளி கிளட்ச்தான். கேபிள் நீண்டிருக்கலாம், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்சானால் எங்கேனும் கசிந்திருக்கலாம்.

ஓசையும் சாட்சி சொல்லும். வண்டி நின்று, கியர் நியூட்ரலில் இருக்க, கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்த நிலையில் ஓர் இரைச்சல் கேட்டு, பெடலை மிதித்ததும் அது அடங்கினால், பாக்ஸின் உள்தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. அதற்கு மாறாக, பெடலை மிதிக்கும்போது மட்டும் இரைச்சல் எழுந்தால், அது கிளட்சின் ரிலீஸ் பேரிங். மேட்டில் ஏறும்போது எஞ்சின் வேகம் கூடியும் வண்டியின் வேகம் கூடாதிருந்தால், அது கிளட்ச் தட்டு வழுக்குவது. பற்சக்கரங்கள் அவ்வாறு வழுக்குவதில்லை.

ஓடும்போது எழும் ஊளைச் சத்தத்தை எந்தக் கியரில் கேட்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு கியரில் மட்டும் கேட்டால் அந்தக் கியரின் இணைச் சக்கரங்கள் தேய்ந்திருக்கலாம். எல்லாக் கியர்களிலும் கேட்டால் பேரிங்குகளை ஐயுறலாம். அம்பாசடர் போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் நான்காம் கியர் நேரடி இணைப்பு. ஆகையால் மற்றக் கியர்களில் கேட்கும் ஊளை நான்காவதில் அடங்கினால், கீழ்த்தண்டின் மேல் சந்தேகம் போகும். 1983-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த மாருதி 800 முதலான முன்சக்கர இயக்கச் சிறிய கார்களிலோ அத்தகைய நேரடிக் கியர் இல்லை. டிஃபரன்ஷியலும் அதே கூட்டுக்குள், அதே ஆயிலில் இயங்குகிறது. சாலையில் வண்டியைச் சற்றே இடமும் வலமும் வளைக்கும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால் அது சக்கர பேரிங்காக இருக்கலாம். முழுதாகத் திருப்பும்போது 'டக் டக்' என்று கேட்டால் முன்சக்கரத் தண்டின் மூட்டைப் பாருங்கள்.

ஒரு குறிப்பிட்ட கியர் விழும்போது மட்டும் கரகரப்பதும், விழுந்த கியர் தானே நழுவி நியூட்ரலுக்கு வருவதும் உள்குறையின் அறிகுறிகள். முதலாவதற்கு ஒரு சோதனை உண்டு. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்திவிட்டு, மீண்டும் கிளட்சை மிதித்து இரண்டாம் கியரைப் போட வேண்டும். பழைய லாரி ஓட்டுநர்களுக்கு இது கைவந்த பழக்கம். இப்படிப் போடும்போது கரகரப்பு மறைந்தால், அந்தக் கியரின் சிங்க்ரோனைசர் வளையம் தேய்ந்துவிட்டது என்று ஏறத்தாழ உறுதி கொள்ளலாம். கியர் நழுவுவதற்கோ தேய்ந்த பற்கள், தளர்ந்த பூட்டு ஸ்பிரிங், வளைந்த ஃபோர்க் எனப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் கிழிந்த எஞ்சின் மவுண்டிங்கும் இதையே செய்யும் என்பதால், முதலில் அதைப் பார்த்துவிடுவது நலம்.

இறுதியாக ஆயில். சமதரையில் நிறுத்தி எஞ்சினை அணைத்து, பக்கவாட்டிலுள்ள மூடியைத் திறந்தால், பல சிறிய கார்களில் அந்தத் துளையின் கீழ்விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். சக்கரத் தண்டு நுழையும் இடத்திலுள்ள சீல் கசிந்து, ஆயில் குறைந்து, அதனாலேயே அழிந்த பாக்ஸ்கள் ஏராளம். ஆயிலை வடிக்கும்போது காந்த மூடியில் மை போன்ற மெல்லிய சாம்பல் நிறப் படிவு இருந்தால் அஞ்ச வேண்டாம். அது வயதின் இயல்பு. பொன்னிறத் துகள்கள் மின்னினால் பித்தளை வளையங்கள் தேய்கின்றன. விரலில் குத்தும் எஃகுத் துணுக்குகள் வந்தால் பேரிங்கோ பல்லோ உடைந்திருக்கிறது. அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டலாகாது. ஆயில் ஊற்றும்போதும் வண்டியின் கையேடு சொல்லும் தரத்தையே ஊற்ற வேண்டும். ஜிஎல்-4 கேட்கும் பாக்ஸில், எண் பெரிதென்று எண்ணிக் கண்ட ஜிஎல்-5 ஆயிலை ஊற்றினால், அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடும்.

எங்கள் காரை இந்த வரிசையில்தான் சோதித்தோம். ரிவர்ஸ் கத்தியது, கிளட்ச் கேபிள் நீண்டிருந்தது. அதை மாற்றியதும் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்தது. ஆனால் மூன்றிலிருந்து இரண்டுக்கு விரைந்து இறங்கும்போது மட்டும் கரகரப்பு நீடித்தது. இருமுறை கிளட்ச் மிதித்தால் அது மறைந்தது. வடித்த ஆயிலில் பொன்னிறத் துகள்கள் மின்னின. ஆக, முழுப் பாக்ஸும் போகவில்லை. இரண்டாம் கியரின் வளையம் தேய்ந்திருந்தது. "பாக்ஸ் போய்விட்டது" என்ற தீர்ப்பும் பொய். "ஒன்றுமில்லை" என்று சொல்லியிருந்தால் அதுவும் பொய்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் எங்களுக்கு உண்மையான சோதனை தொடங்கியது. வாப்பாவுக்குக் கண்பார்வை குறைந்துவிட்டதால் காரை விற்பதென்று முடிவு செய்தோம். வாங்க வந்தவர் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் இளைஞர். மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் திரட்டியிருந்தார். வண்டியை ஓட்டிப் பார்த்தார். மெதுவாக ஓட்டியதால் கரகரப்பு அவர் காதில் விழவில்லை. "நல்லா இருக்கு பாய்" என்றார். அந்தக் கணத்தில், எதையும் சோதிக்காமல் விட்டிருந்தால் எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றியது உண்மை. 'எங்களுக்குத் தெரியாது' என்று மனச்சாட்சியிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா?

நாம் எழுத வந்தது இந்த இடத்தைப் பற்றித்தான். அறியாமையை நாம் பல வேளைகளில் வேண்டுமென்றே வளர்த்துக்கொள்கிறோம். மரத்தூளைக் கலந்து ஊளையை அடக்கும் பழைய தந்திரத்தைச் செய்பவரை ஏமாற்றுக்காரர் என்கிறோம். ஆனால் பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்ல வேண்டியிருக்கும் என்பதற்காகவே பாராமல் விற்பவருக்கு அந்தப் பெயரைச் சூட்டுவதில்லை. இருவருக்கும் இடையே உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். மழை நனைத்தது என்றார் வணிகர். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்பதே அவர்கள் எழுப்பிய வினாவின் கருத்து. நனைந்ததற்காக அந்த வணிகர் கண்டிக்கப்படவில்லை. மழை அவர் கையில் இல்லை. நனைந்ததை அடியில் வைத்ததே குற்றமாயிற்று. பதினேழு ஆண்டுகளில் ஒரு வளையம் தேய்வதும் அந்த மழையைப் போன்றதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஈரத்தை எங்கே வைக்கிறோம் என்பது மட்டுமே நம்மிடம் கேட்கப்படும்.

"வாங்குகிறவர்தாமே பார்த்து வாங்க வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வந்து தொட்டு, வாங்குகிறவர்தாம் அதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இருபது நிமிடமாவது ஓட்ட வேண்டும். ஆயில் சூடேறி இளகிய பிறகே பல ஓசைகள் வெளிவரும். ஆனால் அவருடைய கவனக்குறைவு நம்முடைய அனுமதி ஆகிவிடாது. பெயர் மாற்றத்துக்காக நாம் கையொப்பமிடும் படிவம் 29-இலும் 30-இலும் கியர் பாக்ஸின் நிலையை எழுத இடமில்லை. மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை வாங்கியவருக்கு வழங்குகிறது நம் மார்க்கச் சட்டம். அரசுப் படிவம் கேட்காததையும் நாம் சொல்லியாக வேண்டும் என்பதே அதன் பொருள்.

"விற்பவரும் ஏழையாக இருந்தால்?" என்பது இதைவிடக் கடினமான கேள்வி. அதை எளிதாகத் தள்ளிவிட இயலாது. எனினும் நாங்கள் கண்டது இது: குறையைத் துல்லியமாகச் சொல்லும்போது இழப்பும் துல்லியமாகக் குறைகிறது. 'பாக்ஸில் ஏதோ பிரச்சினை' என்று சொன்னால் வாங்குபவர் முழுப் பாக்ஸின் விலையையும் கழிப்பார். 'இரண்டாம் கியரின் வளையம் தேய்ந்திருக்கிறது, மற்றவை நன்று, இதோ வடித்த ஆயில்' என்று காட்டினால், ஒரு வளையத்தின் விலையும் கழற்றி மாட்டும் கூலியும் மட்டுமே கழியும். சோதனை வாங்குபவரை மட்டுமன்றி விற்பவரையும் காக்கிறது.

அந்த இளைஞரை மீண்டும் வண்டியில் அமர்த்தி, மூன்றிலிருந்து இரண்டுக்கு விரைந்து இறங்கச் சொன்னோம். கரகரத்தது. அவர் முகம் மாறியது. காரணத்தையும், பழுது பார்க்க ஆகும் செலவையும் சொன்னோம். ஒரு நாள் அவகாசம் கேட்டுச் சென்றார். வரமாட்டார் என்றே எண்ணினோம். மறுநாள் அஸருக்குப் பிறகு தம் ஊர் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு வந்தார். அவரும் அதையே சொன்னார். பழுதுக்கான தொகையைக் கழித்துக்கொண்டு வண்டியை எடுத்துச் சென்றார்.

உறவினர் இன்றும் எங்களைப் பிழைக்கத் தெரியாதவர்கள் என்கிறார். இருக்கட்டும். சென்ற மாதம் கடைத்தெருவில் எதிரே அந்தக் கார் வந்தது. ஓட்டியவர் வண்டியை நிறுத்தி, ஸலாம் சொல்லி, "வாப்பா நலமா?" என்று கேட்டார். அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பதில் ஸலாம் சொல்ல எங்களால் முடிந்தது. நாங்கள் விட்டுக்கொடுத்த தொகைக்கு அது போதும்.